பெட்டியைத் திறந்து காட்டி விற்றுவிடு

அன்புள்ள மகளுக்கு,

பீர் காய்ச்சும் செட்டை விற்கப்போவதாக நீ சொன்னதும் அம்மாவுக்குச் சந்தோஷம், எனக்குத்தான் மனசில்லை. நான் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை என்றாலும், நீ உன் கையால் வயரிங் செய்த முதல் பொருள் அது. சரி, புது வீட்டில் இடமில்லை என்றால் என்ன செய்வது?

எவ்வளவு செலவழித்தாய் என்று கணக்குப் பார்த்து விலை சொல்லாதே. ஸ்டீல் கெட்டில், பம்ப் இவற்றுக்கு வெளியே ஒரு விலை உண்டு, அதில் பாதியாவது வந்துவிடும். உன் உழைப்புக்கென்று யாரும் தனியாகக் காசு தரமாட்டார்கள். அதிலும் சூட்டைக் கட்டுப்படுத்தும் அந்த கன்ட்ரோல் பெட்டி இருக்கிறதே, உனக்கு அதுதான் பெருமை, வாங்க வருபவருக்கு அதுதான் சந்தேகம். யாரோ வீட்டில் உட்கார்ந்து செய்த பெட்டியை நம்பி, தண்ணீரும் கரண்டும் சேருகிற இடத்தில் கை வைக்க வேண்டுமே.

அதனால் பெட்டியை மூடிய நிலையில் படம் எடுத்துப் போடாதே. மூடியைக் கழற்றி, உள்ளே ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று தெரிகிற மாதிரி எடு. சர்க்யூட் படத்தைப் பெரிதாக வரைந்து மூடியின் உட்புறம் ஒட்டிவிடு. நாளைக்கு அவர் கூப்பிடுகிற எலக்ட்ரீஷியன் உன்னைத் திட்டாமல் இருப்பார். (என் தொழிலில் மற்றவன் செய்த வயரிங்கைத் திட்டாதவன் கிடையாது.)

விலை பேசும் முன் அவர் வீட்டில் என்ன சப்ளை என்று கேள். உன் கெட்டிலைச் சூடாக்கும் எலிமென்ட் 240 வோல்ட்டில் 5500 வாட், கிட்டத்தட்ட 23 ஆம்பியர் இழுக்கும். சாதாரண பிளக்கில் செருகுகிற விஷயம் இல்லை, தனி லைன் வேண்டும். 120 வோல்ட் மட்டும் இருப்பவர் வாங்கிப்போனால் அவருக்குப் பாதி சூடு கிடைக்காது, கால்வாசிதான். வோல்டேஜ் பாதியானால் கரண்டும் பாதியாகும், அதனால் 1375 வாட்தான் வரும். ஐம்பது லிட்டரை நீ ஒரு மணி நேரத்துக்குள் கொதிக்க வைப்பாய். அவர் பாதி நாள் காத்திருப்பார், அப்போதும் சரியாகக் கொதிக்குமா என்பது சந்தேகம். அப்புறம் ‘ஏமாற்றிவிட்டாள்’ என்பார்.

எலிமென்ட்டுக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச், அந்த எஸ்எஸ்ஆர் பற்றியும் வாயால் சொல்லிவிடு. அது கெட்டுப்போனால் பெரும்பாலும் ஆன் ஆன நிலையிலேயே நின்றுவிடும். கன்ட்ரோலர் 67 டிகிரியில் நிறுத்து என்று சொல்லும், எலிமென்ட் பாட்டுக்குச் சூடாகிக்கொண்டே இருக்கும். எண்பதுக்கு மேல் போனால் மால்ட்டில், அதாவது முளைகட்டிய தானியத்தில், மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் செத்து அன்றைய காய்ச்சல் வீண். அது பரவாயில்லை, தண்ணீர் வற்றி எலிமென்ட் வெளியே தெரிந்தால் ஆபத்து. அதற்காகத்தான் எலிமென்ட்டுக்குப் போகும் கரண்டை மொத்தமாகத் துண்டிக்கும் மெயின் கான்டாக்டரைத் தனியாக வைக்கச் சொன்னேன். அது எந்த ஸ்விட்ச், எதற்கு என்று அவரையே போட்டு அணைத்துப் பார்க்கச் சொல்.

நேரில் வந்தால் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டு, போதும். எலிமென்ட் முழுக்க மூழ்கிய பிறகுதான் ஸ்விட்ச். எர்த் வயர் கெட்டிலின் உடம்போடு இறுக்கமாக இருக்கிறதா என்று முதல் நாளே மீட்டர் வைத்துப் பார். கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிடியின் டெஸ்ட் பட்டனை அவர் கண் முன்னால் அமுக்கு. அது டக்கென்று விழுந்தால் பாதி வியாபாரம் முடிந்தது.

சுத்தம் செய்வது உனக்கே தெரியும். கெட்டிலின் வெள்ளைப் படிவத்தை சிட்ரிக் ஆசிட் கரைசலில் எடுத்துவிடு. சிலிகான் ஹோஸ்களைத் தூக்கிப் போட்டுப் புதிதாக மாட்டு. கொதித்ததை ஆற வைக்கும் பிளேட் சில்லரை மட்டும் நான் விற்கமாட்டேன். உள்ளே கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவின் துணுக்கு சிக்கியிருக்கிறதா என்று நீயும் பார்க்க முடியாது, அவரும் பார்க்க முடியாது. சும்மா கொடுத்துவிடு, கொதிநீரில் அலசிப் பயன்படுத்தச் சொல். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் பார்த்துச் சொல். காலம் தாண்டியிருந்தால் கேஸ் நிரப்பித் தரமாட்டார்கள்.

‘இதில் சாராயம் வடிக்கலாமா?’ என்று கேட்டு ஒருவராவது வருவார். பீருக்கு அனுமதி இருக்கிற பல நாடுகளில்கூட வீட்டில் வடிப்பது குற்றம். அந்த ஆளுக்கு விற்காதே.

எல்லாம் ஒரே ஆளிடம் போகவில்லை என்றால் பிரித்து விற்றுவிடு. பெட்டி மட்டும் மிஞ்சினால் இங்கே அனுப்பு, எனக்கு வேலை இருக்கிறது. பெரிய கெட்டிலை அம்மா கேட்கிறாள். பக்கத்தில் எலிமென்ட்டுக்கு ஓட்டை போட்டிருக்கிறது, அடுப்பில் வைத்தால் ஒழுகும் என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. அவளிடம் நீயே பேசிக்கொள்.

அன்புடன்,
அப்பா