அம்மா போனில் "ஓம்" என்றது

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகள்,

ஓகஸ்ட்டில் நிலாவெளிக் கடற்கரையில் படக்காரரை வைத்துக் குடும்பப் படம் எடுப்போமா என்று ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது அம்மா "ஓம் பிள்ளை, நல்லது" என்று சொன்னா. போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய், "ஊர்ச்சனம் பார்க்கக் கடற்கரையில நிண்டு இளிக்கச் சொல்லுறாள் உங்கட மகள்" என்றா. ஏதாவது பிழைத்தால் நீ என்னுடைய மகள். அது உனக்குத் தெரிந்த விஷயம்தானே.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஓகஸ்ட்டில் நீங்கள் நாலு பேரும் வரும்போது நிலாவெளிக்குப் படக்காரரைப் பிடிக்க வேண்டாம். படத்தை நாங்களே எடுப்போம். காசு மிச்சம் பிடிக்கச் சொல்லுகிறேன் என்று நினைக்காதே. தம்பியின் கலியாண அல்பத்தை ஒருக்கால் எடுத்துப் பார். என்னுடைய இடது புருவத்தில் இருக்கிற தழும்பு, ஏழு வயதில் கொய்யா மரத்தால் விழுந்த தழும்பு, அதை அந்தக் கலியாணப் படக்காரர் கொம்பியூட்டரில் துடைத்துப்போட்டார். அம்மாவின் முகத்தை வெள்ளையாக்கிவிட்டுக் கழுத்தை மறந்துபோனார். பெரிய மாமா கண்ணை மூடிவிட்டார் என்று வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டினார். மாமா இன்றைக்கும் பொம்பிளை மாப்பிள்ளையைப் பார்க்காமல் ஐஸ்கிறீம் மேசையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நீ அனுப்பின போனோடு நாலு மாதமாக மினக்கெடுகிறேன். முதலில் எல்லாம் பிழைத்தது. சித்திரை வருடப் பிறப்புக்கு எல்லாரும் புது உடுப்போடு நிற்க, மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் முற்றத்தில் வைத்து ஒரு படம் எடுத்தேன். ஒருவருக்கும் கண் இல்லை! கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. அப்போதுதான் குனிந்து என் நிழலைப் பார்த்தேன். காலுக்குக் கீழே ஒளிந்துகிடந்தது. எங்கள் ஊருக்கு ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் நேரே உச்சியில் நிற்கும். ஓகஸ்ட் கடைசியிலும் அப்படித்தான். நீங்கள் வருவதும் அந்த மாதம்தான், ஆகவே பத்து மணிக்குப் பிறகு வெயிலில் வைத்து எடுப்பதை மறந்துவிடு.

ஆனால் நாங்கள் இருப்பது இரண்டு கடலுக்கு நடுவில். காலையில் டச்பே பக்கம் கடலுக்குள்ளிருந்து சூரியன் வரும், பின்னேரம் உட்துறைமுகப் பக்கம் இறங்கும். சூரியன் எழும்பிய பிறகு கடலைப் பார்த்து நின்றால் எல்லாரும் புளியங்காய் கடித்த மாதிரித்தான் வருவீர்கள். ஆறு மணிக்கு முன்னமே போய்விட வேண்டும். வானம் வெளுத்து, சூரியன் இன்னும் தலை காட்டாத அந்தப் பத்து, பதினைந்து நிமிடம் வெளிச்சம் மோர் மாதிரி மெத்தென்று முகத்தில் படியும். கோணேசர் மலையும் பின்னால் படத்தின் ஒரு கரையில் வரும். பின்னேரம் அங்கே போனால் மேற்கால் அடிக்கிற கச்சான் காற்று. போன மாதம் போனை வைத்திருந்த ஸ்ராண்டையே மண்ணுக்குள் தள்ளிவிட்டது. அம்மாவின் சீலைத் தலைப்பு மாமியின் முகத்தில். மாமிக்கு அது பிடிக்கவில்லை, எனக்குப் படம் பிடித்திருந்தது.

பிரெட்றிக் கோட்டைக்குள் திரிகிற மானோடு படம் எடுக்க வேண்டும் என்று சின்னவன் கேட்பான். எடுக்கலாம். கடலைப் பையைக் காட்டிக் கூப்பிட வேண்டாம், அதுகள் பையையும் சேர்த்துத் தின்னும். தூர நிற்கட்டும்.

உண்மையைச் சொன்னால் நல்ல ஸ்ரூடியோ எங்களுடைய விறாந்தைதான். இவ்வளவு காலம் அதில் இருந்து பேப்பர் வாசித்தேன், கவனிக்கவில்லை. பதினொரு மணிக்கு வெயில் விறாந்தையை விட்டு இறங்கி முற்றத்து வெள்ளை மண்ணிலும் மதிலிலும் பட்டு உள்ளே திரும்பி வருகிறது. அதில் முகத்துச் சுருக்கம்கூட அழகாக விழுகிறது. உள்ளே எரிகிற ரியூப் லைற்றை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் மஞ்சள். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் என்னுடைய வேட்டியைக் கதிரையில் விரித்து அந்தப் பக்கம் வைப்பேன். அதற்கே ஒரு வெளிச்சம் இருக்கிறது. போன் திரையில் முகத்தைத் தொட்டால் பக்கத்தில் ஒரு குட்டிச் சூரியன் வரும், அதைச் சற்றுக் கீழே இழுத்துவிடு. எங்களுடைய நிறத்தைப் போன் தன்பாட்டில் வெளுக்கப் பார்க்கும். அந்தக் கலியாணப் படக்காரரின் சொந்தக்காரன் போல.

இன்னொன்று. கையை நீட்டி எடுக்கிற படம் குடும்பப் படம் ஆகாது. கிட்ட நின்று எடுத்தால் நடுவில் நிற்கிறவருக்கு மூக்குத்தான் முகம், கரையில் நிற்கிறவர் இழுபட்டுப் பருத்துப்போவார். கரையில் நின்ற மாமி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. போனைப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி வை, நெஞ்சு உயரத்தில். திரையில் இருக்கிற இரண்டு என்ற எண்ணைத் தொட்டுக் கிட்ட எடு. நான் உரலைக் கவிழ்த்து, அதன் மேல் ஸ்ரூலை வைத்து, அரிசிப் பையில் போனைச் சாய்த்து வைக்கிறேன். அதற்கு முதல் போனின் கமராக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். உன்னுடைய அம்மா தேங்காயெண்ணெய்க் கையோடு போன் எடுத்தால் அன்றைக்கு எடுக்கிற படம் முழுக்கப் புகைதான்.

உடுப்பு விஷயத்திலும் ஒரு சொல். எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளை வாங்கப்போகிறேன் என்று சொன்னாய். வேண்டாம் மகள், ஆஸ்பத்திரி வாட்டு மாதிரி இருக்கும்.

அம்மாதான் பெரிய பாடு. "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணத் தொடங்கினால் மூன்றுக்கு முன்னமே மரக்கட்டை ஆகிவிடுவா. சிரியுங்கோ என்றால் பல்லுவலிக்காரி மாதிரி. கடைசியில் ஒரு வழி பிடித்தேன். திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவவிடம், நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தது சித்தியா மாமியா என்று கேட்டுவிட்டு ரைமரை அழுத்தினேன். மாமியும் பக்கத்தில்தான் இருந்தா. பிறகு கேட்கவா வேண்டும்! போன் தொடர்ந்து பத்துப் படம் அடித்தது. அதில் ஏழாவதில் அம்மா பாதித் தேங்காயை நீட்டிக்கொண்டு நியாயம் கேட்கிறா, மாமி வாயை மூடிச் சிரிக்கிறா. நாற்பது வருடமாக நான் பார்க்கிற முகம் அதுதான். "அழியுங்கோ" என்றா. அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எடுத்த படத்தை வட்ஸ்அப்பில் சும்மா அனுப்பாதே, அது படத்தைச் சுருக்கிவிடும். டொக்கியூமென்ற் என்று போட்டு அனுப்பு. எட்டுக்குப் பத்து அங்குலத்தில் நன்றாக அச்சடிக்க 2400க்கு 3000 புள்ளி வேண்டும் என்று படம் அடிக்கிற கடைப் பெடியன் சொன்னான். இப்போதைய போன்களில் அது தாராளமாக இருக்கிறதாம், நாங்கள் வெட்டிக் குறைக்காமல் விட்டால் சரி.

அச்சடிக்கத்தான் வேண்டும். ஏன் என்று நீ கேட்பாய். சுவரில் இருக்கிற அப்பம்மாவின் படத்தை உன்னுடைய பிள்ளைகள் "கோவக்கார ஆச்சி" என்றுதானே சொல்லுகிறார்கள்? அப்பம்மா ஒருநாளும் கோபக்காரியாக இருந்ததில்லை. அவவும் அப்பப்பாவும் ஸ்ரூடியோவில் எடுத்த படம் ஒன்று முன்னறையில் இருந்தது. அப்பப்பா இரவல் கோட்டோடு, அப்பம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு. 1990 ஜூனில் சண்டைக்குள் வீட்டை விட்டு ஓடினபோது காணி உறுதியையும் அடையாள அட்டைகளையும் எடுத்தோம். படத்தை எடுக்கத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது ஆணி மட்டும் இருந்தது. அவ செத்தபோது அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பித்தோம். கடைக்காரர் பொட்டும் மாலையும் கீறித் தந்தார். யாரோ அதட்டி இருத்திவைத்த மாதிரி ஒரு முகம். ஆனாலும் எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

வரும்போது புளூடூத் ரிமோட் என்று விரல் அளவில் ஒன்று விற்கிறதாம், அதைக் கொண்டு வா. பெரிய கமரா ஒன்றும் வேண்டாம். வந்து இறங்கின அன்று எடுக்க வேண்டாம், பயணக் களையில் முகம் ஊதியிருக்கும். மூன்றாம் நாள் விடிய எழும்பிப் போவோம். மருமகனை எழுப்புகிற வேலை உன்னுடையது. படக்காரரை வேண்டாம் என்றது நான் என்று அம்மாவிடம் சொல்லு. அவ சொன்னதை நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

தேங்காய்ப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். படத்தில் இருப்பது ஆர் ஆர் என்று பின்பக்கம் பென்சிலால் எழுதியிருக்கிறேன், பேனை அமத்தினால் முன்பக்கம் தழும்பு விழும். வலது கரையில் தெரிகிற அரைக் கை என்னுடையது. ரைமரின் பத்துச் செக்கன் எனக்குக் காணாது.

அன்புடன்,
அப்பா