10 ரூபாய் லைட்டர்: மத்திய வணிக அமைச்சகத்துக்கும் சுங்கத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டரை இறக்குமதி செய்யக் கூடாது என்று 2023 ஜூன் 29-இல் அறிவிக்கை போட்டது நீங்கள்தான். 2024 அக்டோபரில் உதிரிபாகங்களுக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தீர்கள். தீப்பெட்டித் தொழிலை நம்பியிருக்கும் நாங்கள் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, குடியாத்தம் என்று எல்லா ஊரிலும் நன்றியோடு வரவேற்றோம்.

ஆனால் பெட்டிக்கடையில் இன்றும் லைட்டர் 10 ரூபாய். துறைமுகத்தில் வந்து இறங்கும்போதே 20 ரூபாயான பொருளை 10 ரூபாய்க்கு யார் விற்பார்? பில்லில் விலையைக் கூட்டிக் காட்டியிருக்க வேண்டும், அல்லது வேறு சரக்கின் பெயரில் வந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் தொட்டி, வால்வு, உரசு சக்கரம், தகர மூடி என்று தனித்தனியாக வந்து இங்கே பூட்டப்பட்டிருக்க வேண்டும். கன்டெய்னரைத் திறந்து பாருங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளின் விற்பனையைப் பறிக்கிறது என்று 2022-இல் தமிழ்நாடு முதலமைச்சரே மத்திய அரசுக்கு எழுதினார். அந்தக் கணக்கில் 50 லைட்டர் அடுக்கிய ஓர் அட்டைத் தட்டு 1,000 தீப்பெட்டி. தீப்பெட்டி ஒரு பண்டலுக்கு 600 பெட்டிதான்; அப்படியென்றால் ஒரு தட்டு லைட்டர் ஒன்றரைப் பண்டலுக்கு மேல் விற்பனையைப் பறிக்கிறது.

விற்காத பண்டல் குடோனில் சும்மா கிடப்பதில்லை. குச்சி முனையில் பற்றவைக்கும் மருந்தான பொட்டாசியம் குளோரேட்டைப் பிடித்து வைத்திருப்பது, விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் வச்சிரப் பசை. ஈரம் பட்டால் இளகிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முனை நமத்துப்போகும். உரசினால் பற்றாது, மாவாக உதிரும். பெட்டியின் பக்கத்தில் பூசிய சிவப்புப் பாஸ்பரசையும் வழித்துக்கொண்டு போகும். அந்தச் சரக்கு கடையிலிருந்து திரும்பி வந்தால் மருந்து, மெழுகு, அட்டை, கொடுத்த கூலி எல்லாம் நட்டம். முதலாளி அடுத்த மருந்து கலக்கத் தயங்குவார். தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலை பூட்டிக்கிடக்கும். பெட்டியில் குச்சி அடைக்கும் பெண்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. அடைக்கப் பெட்டி இல்லாத நாளில் கையில் ஒரு காசு கிடையாது.

மூலப்பொருள் விலை ஏறியபோதும் ஒரு தீப்பெட்டியை 14 ஆண்டுகள் 1 ரூபாய்க்கே விற்று, 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆக்கினோம். குளோரேட்டுக்கு உரிமம், இருப்புக் கணக்கு என்று கேட்கிறீர்கள், காட்டுகிறோம். வாயு அடைத்த பிளாஸ்டிக் லைட்டருக்குக் கணக்கை யாரிடம் கேட்கிறீர்கள்? எரித்த குச்சி மண்ணோடு போகும்; வாயு தீர்ந்த லைட்டர் எந்தச் சாக்கடையில் கிடக்கிறது என்று எந்த அலுவலகமாவது பார்த்ததுண்டா?

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து கன்டெய்னரைத் திறந்து பாருங்கள். பில் விலையை ஏற்றுமதி செய்த நாட்டின் ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். பெட்டிக்கடைக்காரரை விட்டுவிட்டு, அவருக்குச் சரக்குப் போட்ட மொத்த வியாபாரியிடம் கொள்முதல் பில்லைக் கேளுங்கள். அடுத்த அடைமழைக்கு முன் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தீப்பெட்டித் தொழிலை நம்பியிருப்போர்