பட்டியலில் அணியும் காரும் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாலையில் ஓடும் கார்களைப் பந்தயத்துக்கென மாற்றியமைத்து ஓட்டும் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதை எழுதுபவர்களே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் ஜெயிப்பவரின் காரில் கூடுதல் எடை ஏற்றுவது திறமைக்குக் கொடுக்கும் தண்டனை என்று கட்டுரையாளர் சொல்வதை ஏற்க முடியவில்லை.

2021 வரை இருந்த முறை அது. புள்ளிப் பட்டியலில் மேலே போகப் போக எடையும் ஏறும். ஒரு கட்டத்தில் 75 கிலோ வரை போனது. பந்தயம் முழுக்க இன்னொரு ஆளை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது மாதிரி. முதல் சில சுற்றுகளில் பெரிதாகத் தெரியாது. போகப் போக டயர் சூடேறித் தேயும், பிரேக்கை முன்னதாகவே அழுத்த வேண்டியிருக்கும். ஹோண்டா சிவிக் போன்ற முன்சக்கர இழுவைக் கார் (எஞ்சினின் சக்தி முன்சக்கரங்களுக்குப் போவது) என்றால், வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு வெளிப்பக்கமே நழுவும். அந்த இடைவெளியில் பின்னால் வருபவர் உள்ளே புகுந்துவிடுவார். அவரைத் தடுத்து நிறுத்தி நாலாவது, ஐந்தாவது இடத்தையாவது காப்பாற்றிக்கொள்வதற்குத் தனித் திறமை வேண்டும். அந்த டயரைக் கடைசிச் சுற்றுவரை தாங்கும்படி காரைத் தயார்செய்து கொடுக்க நல்ல அணியும் வேண்டும்.

2018 சீசனையே பாருங்கள். 30 பந்தயங்களில் 17 பேர் வென்றார்கள். சாம்பியன் ஆன காலின் டர்கிங்டன் ஜெயித்தது ஒரே ஒரு பந்தயம்! மற்றவற்றில் பெரும்பாலும் புள்ளி சேர்த்துக்கொண்டே வந்தார். இதை எப்படித் தண்டனை என்பது?

எடை முறை 2022இல் போய், எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து கூடுதல் சக்தி தரும் ஹைபிரிட் வந்தது. அப்போது முன்னணியில் இருப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் சக்தியைப் பயன்படுத்தும் நேரத்தைக் குறைத்தார்கள். 2025இல் ஹைபிரிடும் போய்விட்டது, இப்போது டர்போ பூஸ்ட்டை (டர்போ எஞ்சினுக்குச் சிறிது நேரம் கிடைக்கும் கூடுதல் சக்தியை) வைத்துச் சமன் செய்கிறார்கள். வழி மாறினாலும் நோக்கம் அதேதான்.

சரி, என் உண்மையான குறைக்கு வருகிறேன். கட்டுரையோடு போட்ட சாம்பியன்கள் பட்டியலில் ஓட்டுநர் பெயரும் ஆண்டும் மட்டும்தான் இருந்தன. அதைப் பார்த்தால் டர்கிங்டனுக்கு 4 பட்டம், ஆஷ் சட்டனுக்கு 4 பட்டம், அவ்வளவுதான். டர்கிங்டன் நான்கையும் (2009, 2014, 2018, 2019) பிஎம்டபிள்யூ காரில், வெஸ்ட் சர்ரே ரேசிங் என்ற ஒரே அணியின் தயாரிப்பில் வென்றார். சட்டனோ 2017இல் சுபாரு லெவோர்க், 2020, 2021இல் இன்ஃபினிட்டி க்யூ50, 2023இல் ஃபோர்டு ஃபோகஸ். முதல் இரண்டு கார்களும் பின்சக்கர இழுவை, ஃபோகஸ் முன்சக்கர இழுவை. ஓட்டும் பழக்கத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்குச் சட்டனின் சாதனைதான் பெரிதாகத் தோன்றுகிறது. டர்கிங்டன் பக்கம் நிற்பவர்களும் இருப்பார்கள். ஆனால் இந்த விவாதமே உங்கள் பட்டியலைப் பார்த்தவருக்கு எழாது.

அடுத்த முறை ஓட்டுநர், அணி, கார் மூன்றையும் சேர்த்து அச்சிடுங்கள். இடம் போதாவிட்டால் முதல் பத்துப் பேருக்காவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நீண்டநாள் வாசகர்