ரிப்போர்ட்டில் அயோர்ட்டாவுக்கு இன்னொரு கட்டம் வேண்டும்

மதுரை இதய மருத்துவர்களுக்கு, இதயத்தை ஒலியலையால் படம் பிடிக்கும் எக்கோ அறையிலிருந்து ஒரு டெக்னீஷியனின் வணக்கம்.

போன வாரம் மேலூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். வயது 67, பிரஷர் 170-க்கு 70. "கீழ உள்ளது நல்லாத்தான் இருக்காம் தம்பி, மேல உள்ளதுதான் எறங்கவே மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தார். பம்பிங் 62 சதவீதம். வால்வில் குறையில்லை. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான அயோர்ட்டாவின் அகலம் 34 மில்லிமீட்டர் என்று வழக்கம்போல ஒரே எண்ணை அடித்து ரிப்போர்ட்டைக் கொடுத்தேன்.

அந்த ஒரே எண்தான் எனக்கு உறுத்துகிறது. அயோர்ட்டா என்ன இரும்புக் குழாயா? இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது விரிந்து வாங்கிக்கொள்கிறது. இதயம் தளரும்போது தானே சுருங்கி, வாங்கியதை முன்னே அனுப்புகிறது. இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்கள் பெரும்பாலும் நிறைவது அந்த இடைவெளியில்தான். வயதாலும் சர்க்கரையாலும் நாள்பட்ட பிரஷராலும் நீண்டு சுருங்கும் எலாஸ்டின் இழைகள் நைந்து, விறைப்பான கொலாஜன் இழைகள் கூடினால், வெயிலில் கிடந்து விறைத்த பம்புசெட் ஹோஸ் போலாகிவிடும். அப்போது மேல் பிரஷர் ஏறும், கீழ் பிரஷர் இறங்கும். அந்த அம்மாவின் 'நல்லா இருக்கிற' 70-க்கும் காரணம் அதுவாக இருக்கலாம்.

சேமித்த படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வால்வுக்கு 3 செ.மீ. மேலே, ஒரே கோட்டில் அசைவைக் காட்டும் எம்-மோடில், இசிஜியின் ஆர் முனையில், அதாவது இதயம் தள்ளத் தொடங்கும் நேரத்தில், 34. முழுக்க விரிந்தபோது 35. அன்றைக்கே வேலைக்கான ஃபிட்னஸுக்கு வந்த ஓர் இளைஞருக்கு 28, 31. பிரஷர் 118-க்கு 76. விரிந்த அளவிலிருந்து சுருங்கிய அளவைக் கழித்து, வந்ததைச் சுருங்கிய அளவால் வகுத்து, இரண்டால் பெருக்கி, மேல் கீழ் பிரஷர் வித்தியாசத்தால் வகுத்தால் டிஸ்டென்சிபிலிட்டி, அதாவது குழாய் விரிந்துகொடுக்கும் தன்மை. இருவருக்கும் எட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்! ரிப்போர்ட்டில் இதில் ஒரு வரிகூட இல்லை.

குறைகள் எனக்கும் தெரியும். அளக்கும் கோடான கர்சர் கொஞ்சம் சாய்ந்தாலே அந்த ஒரு மில்லிமீட்டர் பொய்யாகிவிடும். கையில் கட்டும் கஃப் காட்டுவது அயோர்ட்டாவின் பிரஷர் அல்ல. எம்ஆர்ஐ இதைவிடத் துல்லியம். கழுத்துக்கும் தொடைக்கும் நாடி ஓடும் வேகத்தை அளந்து, நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் விறைப்பு என்பதும் உண்டு. ஆனால் இதற்காக மட்டும் உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருபவரை எம்ஆர்ஐக்கு யார் அனுப்புவார்கள்? எக்கோ கருவியின் புரோப் ஏற்கெனவே நெஞ்சில்தான் இருக்கிறது. மூன்று துடிப்பின் சராசரி எடுத்தால் தவறு குறையும்.

நேரந்தான் இடிக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஒருவருக்குப் பத்து நிமிடம். ஜெல்லைத் துடைப்பதும் அதற்குள்ளேயே. இதற்குக் கூடுதலாக இரண்டு மூன்று நிமிடமும், படுக்கையிலேயே ஒருமுறை பிரஷர் பார்ப்பதும் போதும். பிரஷர், சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டுமாவது செய்யலாம்.

படிவத்தை மாற்றும் உரிமை எங்களுக்கு இல்லை, கையெழுத்து உங்களுடையது. மேலூர் அம்மா அடுத்த மாதம் திரும்ப வருகிறார். அயோர்ட்டாவுக்கு இரண்டு எண் எழுதட்டுமா?