அண்ணே, அந்த ஃபிளாப்பி தொலையவில்லை

அண்ணே,

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் வருசத் திவசம். உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை என்று பெரியம்மா சொன்னார். சரி.

கருமாதி முடிந்த அன்று, பஸ் ஏறுவதற்கு முன்னால், அப்பாவின் தாளத்தைக் கீபோர்டில் பதிந்து வைத்த அந்த ஃபிளாப்பித் தட்டு எங்கே என்று கேட்டீர்கள். கூரை ஒழுகி நனைந்துவிட்டது, வீசிவிட்டோம் என்றேன். அது பொய். என் தையல் மெஷின் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அன்றைக்கு அதை உங்களிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரையும் உங்கள் பெயரையும் போடவில்லை.

2003 மாசி மாதம். கீபோர்டு நம் லயத்துக்கு, இந்தத் தோட்ட வரிசை வீட்டுக்கு, எப்படி வந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வெளியே பனிமூட்டம். அப்பா தேயிலைக் கவ்வாத்து முடிந்து வந்தவர், சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவினார். நீங்கள் கூப்பிடுவதற்கு முன்பே கழுவினார், அண்ணே. நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். வலது கைக்கு ஒரு விசை, இடது கைக்கு ஒரு விசை என்று காட்டிக் கொடுத்தீர்கள். தப்புப் பறை அடிக்கிற மாதிரியே இரண்டு விரலால் அடித்தார். காமன் கூத்துக்கு அடிக்கிற அடி. முடிந்ததும், அதைச் சேமித்த அந்தச் சின்ன ஃபிளாப்பித் தட்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதுல சத்தம் எங்க போயி உக்காருது?” என்று கேட்டார்.

நீங்கள் பதில் சொல்லவில்லை. எனக்கும் போன மாதம்தான் பதில் தெரிந்தது. அதில் சத்தமே இல்லை. கீபோர்டு சேமிக்கிற மிடி கோப்பில் எந்த விசை, எந்த நேரத்தில், எவ்வளவு வேகமாக அமுங்கியது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். அதனால்தான் நாலு நிமிடத்து அடி வெறும் 11 கேபியில் அடங்கிவிட்டது. சத்தத்தை நாம் கொடுக்க வேண்டும்.

ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் இரவல் வாங்கினேன். தட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. மூன்றாம் தரம் போட்டபோதுதான் படித்தது. இரண்டு கோப்பு: அப்பா 1, அப்பா 2.

முதலில் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்தேன். கோடு கோடாகக் காட்டியது, ஒலியாக மாற்றித் தரவில்லை. அடுத்து மியூஸ்ஸ்கோர். அது எம்பி3 ஆகக் கொடுத்துவிட்டது, ஆனால் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. அந்த மென்பொருள் இசைக்குறிப்பு எழுதுவதற்கானது. மிடியை உள்ளே எடுக்கும்போதே ஒவ்வொரு அடியையும் பக்கத்துக் கட்டத்துக்குள் இழுத்துச் சரிபண்ணிவிடுகிறது. குறிப்பு எழுத அது தேவைதான். ஆனால் அதையேதான் நீங்களும் செய்தீர்கள்.

மறுநாள் நீங்கள் அடிகளை அப்படி நேராக்கிப் போட்டுக் காட்டியதும் அப்பா, “இது நான் அடிச்சதில்ல” என்றார். உங்கள் இசைக்குழுக்காரர்கள் வாசலில் நின்றார்கள். அப்போது நீங்கள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். யார் வீட்டில் தப்பு தொங்கினால் ஊர் என்ன பேசும் என்பது இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். உங்களுக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த வயதில் அந்தப் பேச்சைத் தாங்குவது லேசில்லை என்று இப்போது புரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு அப்பா அந்தக் கீபோர்டுப் பக்கமே போகவில்லை. அதே மாதம் குழுவில் கிடைத்த முதல் காசில் எனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கித் தந்ததும் நீங்கள்தான். இரண்டையும் நான் மறக்கவில்லை.

அப்பா 1 நீங்கள் நேராக்குவதற்கு முன்னால் சேமித்தது. அதை ரோஸ்கார்டன் என்ற மிடி மென்பொருளில் திறந்து நிகழ்வுப் பட்டியலைப் பார்த்தேன். அழுத்தம் 1 முதல் 127 வரை எண்ணாக இருக்கும். அப்பாவின் முதல் ஆறு அடி 20ஐத் தாண்டவில்லை. உடைந்துவிடுமோ என்று பயந்திருக்கிறார். இருபதாவது நொடியில் 90. கடைசியில் வலது கை 127லேயே நிற்கிறது, அதற்கு மேல் அந்தப் பெட்டிக்கு எண் இல்லை. இடது கை எப்போதும் வலதுக்கு ஒரு மயிரிழை முன்னால் விழுகிறது. கண்ணை மூடினால் அவர் தோள் அசைவது தெரிகிறது.

விசை 60, விசை 64. பொது மிடி ஒழுங்கில், தாள வாத்தியங்களுக்கான பத்தாவது சேனலில், 60 என்றால் பாங்கோ, 64 என்றால் காங்கா, இரண்டும் வேறு ஊர் மேளம். தப்புக்கு அங்கே எண்ணே இல்லை. அந்தச் சத்தத்தில் அப்பாவைக் கேட்க எனக்கு மனமில்லை. கீழ் லயத்து மாமாவின் தப்பை வாங்கி, சருகு போட்டுக் காய்ச்சி, தடித்த குச்சியில் ஒரு அடி, மெல்லிய குச்சியில் ஒரு அடி போனில் பதிந்தேன். நம் பனியில் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும், ஒவ்வொரு அடிக்கும் திரும்பக் காய்ச்ச வேண்டியிருந்தது. பாலிஃபோன் என்ற இலவச மென்பொருளில் அந்த இரண்டு அடியையும் அதே இரண்டு விசைகளில் வைத்து, தாள வாத்தியங்களுக்கான 128ஆம் பேங்கில் போட்டு, சவுண்ட்ஃபான்ட்டாக, அதாவது மிடிக்குச் சத்தம் கொடுக்கிற கோப்பாக, சேமித்தேன். அப்புறம் மிடியை ஒலியாக்குகிற ஃப்ளூயிட்சிந்த். கட்டளையில் மைனஸ் போட்டுப் பெரிய எஃப், வேவ் கோப்புக்கு ஒரு பெயர், சவுண்ட்ஃபான்ட், கடைசியில் மிடி. சில நொடிகளில் முடிந்துவிட்டது. 11 கேபி 42 எம்பி ஆனது. லேம் என்ற மென்பொருளை வைத்து எம்பி3 ஆக்கியதும் ஆறு எம்பிக்குள் வந்துவிட்டது.

அம்மா ஒரு தரம்தான் கேட்டார். எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்தார்.

உங்கள் வாட்ஸ்அப்புக்கு இரண்டு மிடி, அந்த எம்பி3, சவுண்ட்ஃபான்ட் எல்லாம் அனுப்பியிருக்கிறேன். முதல் ஆறு அடியை வெட்டிவிடாதீர்கள். அப்பா 2இல் நீங்கள் வாசித்த அக்கார்டியன் மெலடி இருக்கிறது. அதை எடுத்து அப்பாவின் அடிக்கு மேல் வைத்துப் பார்த்தேன், உட்காரவில்லை. அவர் இரண்டாவது நிமிடத்தில் வேகம் எடுக்கிறார், நீங்கள் பின்னாலேயே நிற்கிறீர்கள். புதிதாகத்தான் வாசிக்க வேண்டும். கத்தாரில் உங்கள் அறையில் கீபோர்டு இருக்கிறதா, அண்ணே?