எல்ஜின் குடும்பத்துக் கடன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகன் மாண்ட்ரியலில் வேலைக்குச் சேர்ந்த சேதி படித்து இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். குளிர் முதல் வருஷம் படுத்தும், போகப் போகப் பழகிவிடும். என் முழங்கால் வலி இப்போது தேவலை.

மாண்ட்ரியல் என்றதும் எல்ஜின் பிரபுக்கள் நினைவுக்கு வந்தார்கள். கொஞ்ச நாளாக அவர்களைப் பற்றித்தான் படிக்கிறேன். ஸ்காட்லாந்தில் ராபர்ட் புரூஸ் மன்னரின் குலம். ஏழாவது பிரபு தாமஸ், துருக்கி சுல்தானிடம் தூதராகப் போனவர். ஏதென்ஸ் அன்று துருக்கியர் கையில் இருந்தது. பார்த்தனான் கோயில் சிற்பங்களை ஆள் வைத்துப் பெயர்த்துக் கப்பலேற்றினார். 1802இல் ஒரு கப்பல் கிரேக்கக் கரையோரம் மூழ்க, முக்குளிப்பவர்களை வைத்து மீட்டார். ஊர் திரும்பும் வழியில் போர் மூண்டு, நெப்போலியனின் பிரான்சில் கைதியானார். 1816இல் பிரிட்டிஷ் அரசாங்கம் சிற்பங்களுக்குக் கொடுத்தது 35,000 பவுண்டு. அவர் காட்டிய செலவில் அது பாதிகூட இல்லை. கடனோடுதான் செத்தார்.

அந்தக் கடன் மகன் ஜேம்ஸ் தலையில் விழுந்தது. அது இல்லாவிட்டால் அவர் கடல் கடந்து இத்தனை பதவிக்கு அலைந்திருக்க மாட்டார் என்றே எனக்குப் படுகிறது. ஜமைக்காவில் கவர்னர், அப்புறம் கனடாவில். 1849 ஏப்ரலில் மாண்ட்ரியலில், பிரெஞ்சுக்காரர் அதிகம் இருந்த பகுதியில் முன்பு நடந்த கிளர்ச்சியில் சொத்து இழந்தவர்களுக்கு நஷ்டஈடு தரும் சட்டத்தில் கையெழுத்திட்டார். பிரெஞ்சுக்காரருக்குச் சலுகையா என்று கொதித்த ஆங்கிலேயக் கூட்டம் அவர் வண்டிமேல் முட்டையும் கல்லும் எறிந்தது, பாராளுமன்றத்தையே கொளுத்தியது. பட்டாளத்தை ஏவி மக்களைச் சுட அவர் சம்மதிக்கவில்லை. மூன்று வாரத்தில், அதே ஊரில் மகன் விக்டர் பிறந்தான்.

அதே மனிதர்தான் 1860இல் சீனாவோடு நடந்த போரில் பேரரசரின் கோடை அரண்மனையைக் கொளுத்தச் சொன்னார். பிடிபட்ட தம் ஆட்களைச் சீனர்கள் சித்திரவதை செய்து கொன்றதற்குப் பழி. காரணம் இருக்கட்டும், பல தலைமுறைக் கலைச் செல்வம் சாம்பலானதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தப் பயணத்தில்தான் இலங்கையில் காலித் துறைமுகத்தில் அவர் வந்த கப்பல் உடைந்தது, ஆள் தப்பினார். கடைசியில் இந்திய வைஸ்ராயாகி, 1863இல் தர்மசாலாவில் இறந்தார். விக்டரும் பின்னாளில் வைஸ்ராய். 1896 பஞ்சமும் பம்பாய் பிளேக்கும் அவர் காலத்தில்தான்.

பார்த்தனான் சிற்பங்களைத் திருப்பிக் கேட்கும் கிரேக்கத்துக்கும் பிரிட்டனுக்கும் சண்டை இன்னும் ஓயவில்லை. 2023இல் அதை வைத்துத்தான் பிரிட்டிஷ் பிரதமர் கிரேக்கப் பிரதமரைச் சந்திக்க மறுத்தார். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதே என் கட்சி. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அந்தப் பாராளுமன்றம் எரிந்த இடம் பழைய மாண்ட்ரியலில் யூவில் சதுக்கத்தில் இருக்கிறது. லீவு நாளில் உன் மகனை அங்கே போய்ப் பார்க்கச் சொல். போட்டோ எடுத்தால் எனக்கும் ஒன்று அனுப்பட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்