அலுமாரியின் முதுகைப் பார்த்து விலை பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் புதுவீடு கட்டுகிறவர்கள் பலர் இப்போது பழைய அலுமாரி, பெட்டகம், லாச்சி (இழுப்பறை) வைத்த மேசை என்று தேடி வாங்குகிறார்கள். சிப்போட் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) அலுமாரி இரண்டு மாரி தாண்டுவதற்குள் ஊதி உதிர்ந்துவிடுவதைக் கண்டவர்கள் அப்படித் தேடுவது நியாயமே. ஆனால் முன்பக்க மினுக்கத்தையும் பித்தளைக் கைப்பிடியையும் பார்த்த கையோடு விலை பேசிவிடுகிறார்கள். முன்பக்கத்தை ஒரு கிழமைக்குள் பழையதுபோல ஆக்கிவிடலாம். பின்பலகைக்கும் அடிப்பக்கத்துக்கும் யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. அலுமாரியைச் சுவரிலிருந்து இழுத்து வைக்கச் சொல்லிப் பின்பக்கம் போய்ப் பாருங்கள்.

அதற்கும் முன்னர் ஒரு லாச்சியை முழுதாக வெளியே எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில், புறா வாலை விரித்ததுபோன்ற பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். கையால் அறுத்ததென்றால் பற்கள் ஒரே அளவாக இரா. ஓடாவி (தச்சர்) அளவு பார்த்துக் கீறிய மெல்லிய கோடும் பற்களின் அடியில் தெரியும். எல்லாப் பல்லும் அச்சில் வார்த்ததுபோல் இருந்தால் அது இயந்திர வேலை. அடிப்பலகையில் விரலை ஓட்டுங்கள். கைச்சீவுளி போன பலகை மெல்லிய அலையாகக் கையில் படும். வட்டவாளால் அறுத்த பலகையில் வில்போல வளைந்த கீறல்கள் இருக்கும். அப்படிப்பட்ட பலகை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருப்பது மிக அரிது.

‘ஒல்லாந்தர் காலத்துப் பெட்டகம்’ என்று விலை சொல்லும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். மட்டக்களப்புக் கோட்டை 1638இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1796இல் அவர்கள் ஆட்சி இலங்கையில் முடிந்தது. கூர்முனைத் திருகாணி பரவலானது 1840களுக்குப் பிறகு. தலையில் சிலுவைக்கோடு போட்ட திருகாணி 1930களில் வந்தது. ஒன்றிரண்டு புதிய திருகாணி இருந்தால் பழுதுபார்த்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். பிணைச்சல்கள் (கீல்கள்) எல்லாம் புதிய ஆணியில் நின்று, பக்கத்தில் பழைய துளை ஒன்றுகூட இல்லையென்றால் ஒல்லாந்தர் கதையை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். (அலுமாரி என்ற சொல்லைப் போர்த்துக்கேயரும் லாச்சி என்ற சொல்லை ஒல்லாந்தரும் விட்டுப்போனது மட்டும் உண்மை.)

மரத்தைச் சாயத்தால் மறைக்கலாம், பாரத்தை மறைக்க முடியாது. 6 அடி நீளம், 1 அடி அகலம், 1 அங்குலத் தடிப்புள்ள முதிரைப் பலகை ஏறத்தாழ 13 கிலோ வரும். அதே அளவுத் தேக்கு 9 கிலோவுக்குக் கிட்ட நிற்கும். முதிரை என்று சொல்லப்பட்ட அலுமாரியின் கதவை ஒற்றைக்கையால் இலேசாகத் தூக்க முடிந்தால் சந்தேகப்படுங்கள்.

எங்கள் கரையோரத்துக்கென்றே ஒரு சோதனை உண்டு. 2004 டிசம்பர் 26இல் நாவலடி, கல்லடி தொடங்கி மருதமுனை, கல்முனை, காரைதீவு வரை கடல் வீடுகளுக்குள் புகுந்தது. உப்புநீரில் ஊறிய தளபாடம் காய்ந்தபின் நல்லதாகவே தெரியும். ஆனால் மரத்துக்குள் தங்கிய உப்பு ஒவ்வொரு மாரியிலும் ஈரத்தை இழுக்கும். உள்ளேயிருக்கும் இரும்பாணி கறள் (துரு) பிடித்துப் பருக்கும், பலகை வெடிக்கும். கால்களின் அடியிலும் பின்பலகையின் கீழ் ஓரத்திலும் வெள்ளைப் பூப்பு இருக்கிறதா, ஆணித்தலைகளைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். மரம் உறுதியாக இருந்தால் விட்டுவிடத் தேவையில்லை. நல்லதண்ணீரில் பிழிந்த துணியால் பல நாள் விட்டு விட்டுத் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் வளையும். கறள் ஏறிய திருகாணிக்குப் பதில் பித்தளைத் திருகாணி போடுங்கள். பித்தளை மென்மையானது, முதிரையில் முறுக்கினால் தலை அறுந்துவிடும். ஆகவே அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றிக் கழற்றி, பித்தளையில் மெழுகுதிரி தேய்த்துப் பிறகு ஏற்ற வேண்டும்.

அதிகமான நல்ல அலுமாரிகள் கெடுவது கடலாலல்ல, சீவுளியால். மார்கழியில் லாச்சி இறுகியவுடன் தச்சரைக் கூப்பிட்டுச் சீவுகிறார்கள். ஈரமான வாடைக்கு ஊதிய மரம் வறண்ட கச்சான் காற்றில் தானாகச் சுருங்கும். ஆடியில் அந்த லாச்சி தொளதொளத்து நிற்கும், சீவிய மரம் திரும்பி வராது. ஓடும் விளிம்பில் மெழுகுதிரி தேய்த்துவிட்டுப் பொறுத்திருந்தால் போதும். கதவுப் பலகையும் அப்படித்தான். 18 அங்குல அகலப் பலகை பருவத்துக்குப் பருவம் 3 மில்லிமீற்றர் வரை கூடிக் குறையலாம். அதனால்தான் பழைய ஓடாவிமார் அதைச் சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பசையில்லாமல் விட்டார்கள். ஆடுகிறதே என்று பசை பூசினால் அல்லது ஆணி அடித்தால் அடுத்த கச்சானில் பலகை நடுவே பிளக்கும். இணைப்புப் பழுதானால், கையால் பல் அறுக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். மரவேலைக்குப் பெயர்போன பறங்கியர் சமூகம் இருக்கும் ஊர் இது.

மரத்தைத் துளைக்கும் உளுவுக்கு மண்ணெண்ணெய் பூசுவது வீண் வேலை. அது ஆழத்துக்கு இறங்காது, பொலிஷும் கெடும். துளை இருப்பதால் வண்டு உயிரோடு இருக்கிறதென்று அர்த்தமில்லை. அலுமாரியின் கீழே கறுப்புத் தாளை விரித்து இரண்டு கிழமை ஆட்டாமல் விடுங்கள். மாப்போன்ற தூள் புதிதாகக் கொட்டியிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. இந்தத் தூள் வண்டு வெளிறைத்தான் (மரத்தின் மெல்லிய வெளிப்பகுதியை) தின்னும், வைரத்தை (உள்ளே இறுகிய நடுப்பகுதியை) தொடாது. ஆகவே தூள் கொட்டும் வெளிறுத் துண்டை மாற்றினாலே பெரும்பாலும் தீரும்.

பொலிஷை உரிக்கச் சொல்லும் கடைக்காரரின் பேச்சுக்கு இணங்குவதற்கு முன், கதவின் உட்பக்க மூலையில் ஒரு துளி மெதிலேட்டட் ஸ்பிரிட் விட்டு ஒரு நிமிடம் கழித்துத் தொடுங்கள். ஒட்டினால் அது அரக்குப் பொலிஷ். அதை உரிக்கத் தேவையில்லை. சுத்தம் செய்து மேலே மெல்லியதாக இன்னும் பூசலாம். உரிக்கத்தான் வேண்டுமென்றால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் கொப்பளமும் உண்டாக்கும். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும், அதைக் காய்ந்தபடி சுரண்டக்கூடாது.

அளவையும் முதலே பாருங்கள். உடுப்புக் கொழுவ உள்ளே 22 அங்குல ஆழம் வேண்டும். பழைய அலுமாரிகள் பலவற்றில் அவ்வளவு இராது, சேலை மடித்து வைக்க மட்டும் உதவும். 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் தொல்பொருட் சட்டத்துக்குள் வரும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுமதியில்லாமல் அனுப்ப முடியாது.

வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால், உயரமான அலுமாரியின் மேற்பக்கத்தை ஒரு தகட்டால் சுவரோடு பிணையுங்கள். பெட்டகத்தின் பூட்டைக் கழற்றி, திறப்போடு சேர்த்து வேறு இடத்தில் வையுங்கள். ஒளித்துப்பிடித்து விளையாடும் பிள்ளை உள்ளே இறங்கி மூடி விழுந்தால், அந்தப் பூட்டு வெளியிலிருந்து மட்டுமே திறக்கும்.

இப்படிக்கு,
மரத்தளபாட வேலை செய்வோர் சிலர்,
மட்டக்களப்பு.